ஓவியம் பார்ப்பவர்களைப் பார்ப்பவர்கள்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ரெம்பிராண்ட் வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. ஹோமரின் மார்பளவுச் சிலை மேல் கை வைத்தபடி அரிஸ்டாட்டில் நிற்பார். 1653-ல் வரைந்தது. அதன் முன்னால் ஒருவர் வந்து நிற்கிறார். பார்க்கிறார். பக்கத்தில் இருக்கும் குறிப்பு அட்டையைப் படிக்கிறார். மறுபடி ஒரு பார்வை. அடுத்த ஓவியத்துக்குக் கிளம்பிவிடுகிறார்.

கொஞ்சம் தள்ளி, ஒன்றும் தெரியாதவர் போல இன்னொருவர் நிற்கிறார். அவர் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்.

முதலாமவர் பார்த்தது ஓவியத்தை. இரண்டாமவர் பார்த்தது முதலாமவரை!

ஜெஃப்ரி ஸ்மித், லிசா ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் இப்படி நடத்திய ஆய்வு 2001-ல் வெளியானது. மெட்ரோபாலிட்டனின் புகழ்பெற்ற 6 ஓவியங்கள், 150 பார்வையாளர்கள். ஒருவர் ஓர் ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்? கூட்டுச்சராசரி 27.2 நொடி. அட்டை படிக்கும் நேரமும் இதிலேயே அடக்கம்.

சராசரி என்று சொன்னவுடன் அதை நம்பிவிடக் கூடாது என்பது புள்ளியியல் வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தரும் பாடம். இதே ஆய்வில் இடைநிலை அளவு 17 நொடிதான். அதாவது பாதிப் பேர் 17 நொடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். ரொம்ப நேரம் நின்ற சிலர்தான் சராசரியை 27-க்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு தெருவில் பத்து குடிசையும் ஒரு பங்களாவும் இருந்தால் அந்தத் தெருவின் சராசரி வருமானம் என்ன ஆகும்? அதே கதை.

"மொபைல் வந்த பிறகு யாருக்கும் பொறுமையே இல்லை" என்று புலம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். இதே ஆய்வை சிகாகோ கலை நிறுவனத்தில் மறுபடி செய்து 2017-ல் வெளியிட்டார்கள். சராசரி 28.63 நொடி, இடைநிலை 21 நொடி. குறையவே இல்லை! ஒரே வித்தியாசம், ஓவியத்துக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பவர்கள் புதிதாக வந்து சேர்ந்திருந்தார்கள். அந்த நேரத்தையும் "பார்த்த நேரம்" என்று சொல்லலாமா என்பது வேறு பஞ்சாயத்து.

17 நொடியா என்று முகம் சுளிப்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் சுமார் 35,000 படைப்புகள் காட்சியில் இருப்பதாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் 27.2 நொடி கொடுத்தால் 264 மணி நேரம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றால் 33 நாட்கள். சாப்பாட்டு இடைவேளை கிடையாது, நடக்கும் நேரமும் சேர்க்கவில்லை. ஆகவே வேகமாக நகர்வது குற்றமல்ல, பிழைக்கும் வழி!

இந்த அலுப்பு புதிதும் அல்ல. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருட்களைப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்து, வளைந்து, எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களாக எடுத்து 1916-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பார்வையாளர் சலிப்பதற்குக் காரணம் பார்வையாளர் அல்ல, பொருளை வைத்த விதம் என்பதுதான் அவர் வாதம். பார்ப்பவரைப் படம் பிடித்தது அவரைக் குறை சொல்ல அல்ல, அவர் முதுகுவலியைக் குறைக்க. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

17 நொடிக்குள் என்ன நடக்கிறது?

ஸ்டாப்வாட்ச் எவ்வளவு நேரம் என்று சொல்லும். எங்கே பார்த்தார் என்று சொல்லாது. அதற்குத்தான் ஐ டிராக்கர் என்னும் கருவி.

கண்ணைப் பற்றிப் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. எதிரில் இருப்பது முழுவதும் தெளிவாகத் தெரிவது போல ஒரு நினைப்பு. உண்மையில் மிகத் தெளிவாகத் தெரிவது ஒரு சின்ன வட்டம்தான். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு. மற்றதெல்லாம் மங்கல்தான். அதனால் கண் ஓரிடத்தில் ஒரு நொடியில் கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு நேரம் நிற்கும், சட்டென்று தாவும், இன்னோர் இடத்தில் நிற்கும். நொடிக்கு மூன்று தாவல் என்று வைத்தால் 17 நொடிக்கு ஐம்பது தாவல். அந்த ஐம்பது துண்டுகளை மூளை ஒட்டித் தைத்து "ஓவியம் பார்த்தேன்" என்று நம்மை நம்ப வைக்கிறது.

மூக்குக் கண்ணாடி போலவே இருக்கும் இன்றைய கருவிகள் கண்ணின் மேல் அகச்சிவப்பு ஒளியை விழச் செய்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒளி அது. கருவிழி மேல் அது பிரதிபலிக்கும் இடத்தையும் கண்மணியின் இடத்தையும் குட்டிக் கேமராக்கள் படம் பிடிக்கும். எதிரில் இருக்கும் காட்சியை இன்னொரு கேமரா பிடிக்கும். இரண்டையும் பொருத்திப் பார்த்தால், இந்த நொடி இவர் அரிஸ்டாட்டிலின் கையைப் பார்க்கிறார், அடுத்து தங்கச் சங்கிலிக்குப் போனார் என்று தெரிந்துவிடும். பலருடைய பதிவுகளை ஓவியத்தின் மேல் போட்டு, அதிகம் பார்த்த இடத்துக்குச் சிவப்பு, குறைவாகப் பார்த்த இடத்துக்கு நீலம் என்று வண்ணம் தீட்டினால் அதுதான் ஹீட் மேப்.

பார்க்க அழகாக இருக்கும். ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரியே இருக்கும். அங்கேதான் வம்பு!

ஒரே ஓவியம், ஏழு கேள்விகள்

கணினி வருவதற்கு முன்பே இந்த வேலையைச் செய்தவர் சோவியத் நாட்டின் ஆல்ஃபிரட் யார்பஸ். அவருடைய கருவியைப் பற்றிப் படித்தாலே கண் கூசும். கண்ணின் மேலேயே உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்ன மூடி, அதில் ஒரு குட்டிக் கண்ணாடி. இமைகளைத் திறந்தபடி பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவார்கள். தலையை அசைக்க முடியாது. கண் அசைய அசைய, கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிப் புள்ளி புகைப்படத் தாளில் கோடு கிழிக்கும்.

அவர் எடுத்துக்கொண்ட படங்களில் ஒன்று இல்யா ரெபின் 1884 முதல் 1888 வரை வரைந்த "அவர்கள் எதிர்பார்க்கவில்லை" என்ற ஓவியம். மாஸ்கோவின் த்ரெத்தியாகோவ் காட்சியகத்தில் இருக்கிறது. நாடு கடத்தப்பட்டிருந்த ஒருவர் திடீரென்று வீட்டுக்குள் நுழைகிறார். மெலிந்த முகம், அழுக்குக் கோட்டு. கறுப்பு உடையில் ஒரு பெண்மணி நாற்காலியிலிருந்து எழுகிறார். பியானோ பக்கம் இருக்கும் பெண் திரும்புகிறாள். மேசையில் இரண்டு பிள்ளைகள். பையன் முகத்தில் மகிழ்ச்சி, சின்னவள் முகத்தில் யாரிவர் என்ற சந்தேகம்.

இந்தப் படத்தின் நகலை ஒருவரிடம் காட்டி, ஏழு தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று நிமிடம் பார்க்கச் சொன்னார் யார்பஸ். ஒவ்வொரு தடவையும் சொன்ன வேலை மட்டும் வேறு:

1. சும்மா பார்.
2. இந்தக் குடும்பம் வசதியானதா, இல்லையா?
3. இவர்களுக்கு என்னென்ன வயது?
4. இவர் வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?
5. அணிந்திருக்கும் உடைகளை நினைவில் வை.
6. ஆட்களும் பொருட்களும் இருக்கும் இடங்களை நினைவில் வை.
7. வந்தவர் எத்தனை காலம் வீட்டை விட்டுப் போயிருந்தார்?

ஏழு கோட்டுப் படங்களும் ஒன்றுபோல் இல்லை. வயதைக் கேட்டபோது கண் முகம் முகமாகத் தாவியது. வசதியைக் கேட்டபோது சாமான்களையும் உடைகளையும் சுற்றியது. எத்தனை காலம் போயிருந்தார் என்று கேட்டபோதோ, வந்தவர் முகத்துக்கும் வீட்டார் முகங்களுக்கும் நடுவே போய்ப் போய் வந்தது. பிரிவின் நீளத்தை அந்த முகங்களில் தேடியிருக்கிறது கண்!

அதே ஓவியம், அதே ஆள், அதே கண். மாறியது கேள்வி மட்டும்தான்.

யார்பஸின் புத்தகம் ரஷ்ய மொழியில் 1965-லும் ஆங்கிலத்தில் 1967-லும் வந்தது. அன்றிலிருந்து இந்தத் துறையில் இந்த ஏழு படங்களைக் காட்டாத பாடம் இல்லை என்றே சொல்லலாம்.

சரி, கேள்வி தெரிந்தால் கண் எங்கே போகும் என்று சொல்லலாம். தலைகீழாகச் சொல்ல முடியுமா? கண் போன பாதையை மட்டும் கொடுத்தால், அவர் மனதில் என்ன கேள்வி இருந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? 2012-ல் மிஷெல் கிரீன், டாமி லியு, ஜெரமி உல்ஃப் ஆகியோர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கணினி தோற்றது. மனிதர்களிடம் கொடுத்தார்கள், அவர்களும் தோற்றார்கள். குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மேலாகச் சொல்ல முடியவில்லை. பிறகு 2014-ல் அலி போர்ஜியும் லாரன்ட் இட்டியும் வேறு கணிப்பு முறையைப் பயன்படுத்தி, ஓரளவு சொல்ல முடியும் என்று காட்டினார்கள். ஓரளவுதான்.

ஹீட் மேப்பைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் இந்த இரண்டு ஆய்வுகளையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முகத்தின் மேல் சிவப்பு வட்டம் விழுந்தால், அழகில் மயங்கியிருக்கலாம். யாருடைய ஜாடையோ இருக்கிறதே என்று குழம்பியிருக்கலாம். மூக்கைச் சரியாக வரையவில்லையே என்று நினைத்திருக்கலாம். கால் வலியில் எங்கேயோ வெறித்திருக்கலாம். கருவிக்கு எல்லாம் ஒரே சிவப்பு!

பிள்ளைகள் சொன்ன பாடம்

அப்படியானால் கருவியால் பிரயோஜனமே இல்லையா? அப்படியும் இல்லை. சரியான கேள்வியோடு போனால் நல்ல பதில் தரும்.

ஆம்ஸ்டர்டாம் வான் கோ அருங்காட்சியகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. பெரியவர்களும் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் ஐ டிராக்கர் மாட்டிக்கொண்டு வான் கோவின் ஐந்து ஓவியங்களைப் பார்த்தார்கள். முதலில் எந்த விளக்கமும் இல்லாமல். பிறகு ஒவ்வோர் ஓவியத்தையும் பற்றிச் சொல்லிவிட்டு, மறுபடியும்.

முதல் சுற்றில் பிள்ளைகளின் கண்ணை இழுத்தது பளிச்சென்ற நிறமும் தூக்கலான வடிவமும். பெரியவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே தங்களுக்குத் தெரிந்தது, எதிர்பார்ப்பது எல்லாம் சேர்ந்து கண்ணை நடத்தியது. கதையைக் கேட்டுவிட்டு வந்த இரண்டாவது சுற்றிலோ பிள்ளைகளின் கண்ணும் அறிந்ததைத் தேடிப் போக ஆரம்பித்துவிட்டது. சில வாக்கியங்கள், அவ்வளவுதான். ஓவியத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

யார்பஸ் ஆய்வுக்கூடத்தில் பார்த்ததன் தம்பி இது, அசல் ஓவியங்களுக்கு முன்னால். ஓர் அருங்காட்சியக ஆசிரியருக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? "பிள்ளைகளுக்குக் கலை புரியாது" என்று யாராவது சொன்னால், "நீங்கள் என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்கலாம்.

கண்ணோடு நிற்காமல் உடம்புக்கும் போனார்கள் சிலர். 2009-ல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் கலை அருங்காட்சியகத்தில், மார்ட்டின் ட்ரோண்ட்லே தலைமையில் 500-க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் கையில் ஒரு கையுறையோடு சுற்றி வந்தார்கள். எங்கே நடக்கிறார், இதயம் எப்படித் துடிக்கிறது, தோலில் வியர்வையால் மின்கடத்தல் எப்படி மாறுகிறது என்றெல்லாம் அது பதிந்துகொண்டே வந்தது. வெளியே வந்ததும் கேள்வித்தாளையும் நீட்டினார்கள். உடன் வந்தவரோடு பேசிக்கொண்டே பார்த்தவர்களைவிட, பேசாமல் பார்த்தவர்களைக் கலை அதிகம் பாதித்தது என்று தெரிந்தது. இங்கே கவனிக்க வேண்டியது கேள்வித்தாள். இதயம் ஏன் படபடத்தது என்று இதயத்துக்குத் தெரியாது. ஆளைக் கேட்டால்தான் தெரியும்.

2024-ல் நெதர்லாந்தின் மௌரிட்ஸ்ஹாவ்ஸ் அருங்காட்சியகம் இன்னும் ஒரு படி போனது. வெர்மீரின் "முத்துத் தோடு அணிந்த பெண்" அங்கேதான் இருக்கிறது. 20 பேருக்கு மூளை அலைகளைப் பதியும் கருவியையும் ஐ டிராக்கரையும் மாட்டி, அசலையும் அச்சிட்ட நகலையும் காட்டினார்கள். அசலுக்கு உணர்ச்சி 10 மடங்கு அதிகம் என்று அறிவித்தார்கள். பார்ப்பவரின் கண் அந்தப் பெண்ணின் கண், வாய், முத்து, மறுபடி கண் என்று வட்டமாகச் சுற்றி வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்கிறதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 20 பேர். ஆய்வைச் செய்யச் சொன்னதோ அசலை வைத்திருக்கும் அருங்காட்சியகம். "எங்கள் கடை சரக்குதான் ஒரிஜினல்" என்று கடைக்காரரே சான்றிதழ் கொடுத்தால் கொஞ்சம் யோசித்துத்தான் வாங்க வேண்டும். பொய் என்று சொல்லவில்லை. வேறு இடத்தில், வேறு ஆட்களோடு செய்து பார்க்கும் வரை 10 என்ற எண்ணைக் கல்வெட்டில் பொறிக்க வேண்டாம்.

அலமாரிக் கணக்கு

இதே ஐ டிராக்கரைச் சூப்பர் மார்க்கெட்டிலும் பயன்படுத்துகிறார்கள் என்பது வணிகவியல் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். எந்த அடுக்கில் வைத்தால் சோப்பு கண்ணில் படும், எந்த நிற உறை கையை நீட்ட வைக்கும் என்பதெல்லாம் ஆராய்ச்சி. அங்கே விதி எளிது. கண்ணில் படாத சரக்கை அலமாரியிலிருந்து எடுத்துவிடு.

அந்த விதி அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால்?

இத்தாலியின் பொலோன்யா நகர அருங்காட்சியகங்களில் 2021-ல் ஷேர்ஆர்ட் என்ற ஏற்பாடு வந்தது. எனேயா என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனத்தின் தயாரிப்பு. ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒரு கேமரா. யார் முகம் இந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம் என்று தானாகவே கணக்கு எடுக்கும். சராசரி 4, 5 நொடிதான், 15 நொடியைத் தாண்டிய படைப்புகள் மிகக் குறைவு என்று செய்தி வந்தது. (17, 4 ஆகிவிட்டதே என்று பதற வேண்டாம். அங்கே அளந்தது உலகப் புகழ் பெற்ற ஆறு ஓவியங்கள். இங்கே அளந்தது வேறு ஓவியங்கள், வேறு முறை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.)

விளக்கு சரியில்லையா, கூட்டம் இடிக்கிறதா, ஓவியம் உயரத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இது நல்ல வழி. கில்மன் 1916-ல் புகைப்படம் எடுத்ததும் இதற்குத்தான். ஆனால் எண் என்று ஒன்று வந்துவிட்டால் அது சும்மா இருப்பதில்லை. பட்ஜெட் கூட்டத்துக்குப் போகும். "இந்த ஓவியத்துக்கு 4 நொடி, அந்த ஓவியத்துக்கு 14 நொடி. எதற்கு இதைச் சுவரில் வைத்திருக்கிறோம்?" என்று யாராவது கேட்பார்கள். ஓர் அளவீட்டையே இலக்காக மாற்றினால் அந்த அளவீடு கெட்டுவிடும் என்பதைப் பொருளாதாரத்தில் குட்ஹார்ட் விதி என்பார்கள். நொடிதான் இலக்கு என்றால், நொடியை இழுக்கும் பளிச் ஓவியங்களே சுவரில் மிஞ்சும். சின்னதாக, மங்கலாக, மெதுவாகப் பேசும் ஓவியம் கிடங்குக்குப் போகும். கிடங்குக்குப் போன ஓவியத்தின் முன் யாரும் 4 நொடிகூட நிற்கப் போவதில்லை.

பளிச்சென்று இருப்பதுதான் முதலில் கண்ணை இழுக்கும் என்று வான் கோ அருங்காட்சியகத்துப் பிள்ளைகளே காட்டிவிட்டார்கள். கதை தெரிந்த பிறகு வேறு இடங்களும் தெரிந்தன என்பதையும் அவர்களேதான் காட்டினார்கள். முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுத்தால் நஷ்டம் யாருக்கு?

இன்னொன்று, அனுமதி. கண்ணாடியோ கையுறையோ மாட்டிக்கொண்டவர் சரி என்று தலையாட்டியவர். லூவ்ரில் 2010-ல் புளூடூத் உணரிகளை வைத்து, பார்வையாளர்களின் போன்கள் எந்தக் கூடத்திலிருந்து எந்தக் கூடத்துக்குப் போகின்றன என்று தொடர்ந்தார்கள். அடையாளத்தை மறைத்துத்தான் செய்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் கிளம்புகிறவரும் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருப்பவரும் எட்டிப் பார்க்கும் இடங்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை என்ற சுவாரசியமான முடிவும் கிடைத்தது. ஆனால் தன் போன் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது அந்தப் பார்வையாளருக்குத் தெரியாது. ஓர் ஓவியத்தின் முன் ஒருவர் கண் கலங்கி நின்றால், அது அவருக்கும் அந்த ஓவியத்துக்கும் நடுவில் உள்ள விஷயம். மூன்றாவதாக ஒரு கேமரா நின்றால், வாசலிலேயே ஒரு பலகை வைத்துச் சொல்லிவிட வேண்டும். இது மரியாதை.

தீர விசாரிப்பதே மெய்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று ஒரு பழமொழி உண்டு. கண் எங்கே போனது என்று காண்பதற்கும் அது பொருந்தும். ஹீட் மேப் பொய் சொல்வதில்லை, பாதி சொல்கிறது. மீதியை விசாரிக்க வேண்டும். "என்ன பார்த்தீர்கள்? ஏன் அங்கேயே நின்றீர்கள்? என்ன தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நின்றிருப்பீர்கள்?" என்று கேட்கும் ஒரு மனிதர், கருவிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த மனிதரின் சம்பளம் கருவியின் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பது கூடுதல் லாபம் :)

மெட்ரோபாலிட்டனில் அரிஸ்டாட்டில் முன் நின்றுவிட்டுப் போனவரிடம் மறுபடி வருவோம். அவர் 17 நொடியில் கிளம்பியது அவருடைய தவறு அல்ல. அட்டையில் ஓவியரின் பெயரும் ஆண்டும் இருந்தன. "ஒரு தத்துவ ஞானி ஏன் ஒரு கவிஞனின் சிலை மேல் கை வைத்துக்கொண்டு யோசிக்கிறார்? அவர் மேல் கிடக்கும் அந்தத் தங்கச் சங்கிலி அவருக்குப் பெருமையா, பாரமா?" என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கண் கையிலிருந்து சங்கிலிக்கும், சங்கிலியிலிருந்து முகத்துக்கும் போய் வந்திருக்கும்.

அடுத்த முறை எந்த ஊரில் எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். ஒரே ஓர் ஓவியத்தைத் தேர்ந்தெடுத்து, யார்பஸின் ஏழு கேள்விகளில் ஏதாவது ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். இவர்களுக்கு என்ன வயது? ஒரு நிமிடத்துக்கு முன் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது? கருவி எதுவும் தேவையில்லை. கூட வந்தவரிடம் இன்னொரு கேள்வியைக் கொடுங்கள். பேசாமல் பார்த்துவிட்டு, வெளியே வந்து டீ குடிக்கும்போது இரண்டு பேரும் பார்த்ததைச் சொல்லிக்கொள்ளுங்கள். ஒரே ஓவியத்தைத்தான் பார்த்தீர்களா என்று சந்தேகம் வரும்!